மெருகு யாருக்கு?

சவரக்கத்தியின் கூர்மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பிடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அபிராமத்தில் ஓர் ஆசாரி கருவேல மரத்தில் அத்தகைய பிடிகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பாதி பிளேடு செருகுகிற சலூன் கத்திக்கான பிடிகள். "இரண்டு கை வார்னிஷ் பூசினால் பளபளவென்று இருக்குமே, விலையும் கூடக் கேட்கலாமே" என்றார் என்னுடன் வந்த நண்பர்.

"கேக்கலாம் ஐயா. ஈரக் கையிலே வழுக்குச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக விட்டுவிட முடியவில்லை.

வார்னிஷ் மரத்தின் மேல் ஏடு போலப் படிகிறது. ஏடு முழுதாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. ஓரிடத்தில் கீறல் விழுந்தால் போதும். ஈரம் புகுந்து, அடியில் மரம் கறுக்கத் தொடங்கும். அரக்கு மெருகோ இன்னும் அழகு. ஆனால் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய அரக்கு, ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும்; வெந்நீர் பட்டால் வெளுக்கும். சவரக்கத்திக்கு இவ்விரண்டும் அன்றாடச் சங்கதி! பாண்டவர்களுக்கு துரியோதனன் கட்டிக் கொடுத்த மாளிகையும் அரக்குதான் என்பது ஏனோ நினைவுக்கு வருகிறது.

ஆளிவிதை எண்ணெய் வேறு ஜாதி. மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அங்கேயே இறுகுகிறது. தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது. நாளானால் சிக்குப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. தண்ணீரில் நனைத்தோ, விரித்தோதான் போடவேண்டும். தண்ணீரைத் தடுப்பதில் அது வார்னிஷுக்கு இளைத்ததுதான். தேயத் தேய மறுபடி பூசவும் வேண்டும்.

வார்னிஷைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. கட்டில் காலுக்கு அது போதும். பிடிக்குங்கூட, பூசிக் காய்ந்தபின் நைஸான உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்துவிட்டால் வழுக்கல் குறையும். ஆனால் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த வெடிப்பின்மேல் பூசிக் கடையில் வைக்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? விற்பவர் பொய் சொல்லவில்லை. கேட்டால் ஒருவேளை உண்மையைச் சொல்லியும் விடுவார். வாங்குபவர் கேட்பதில்லை, அவ்வளவுதான். வியாபாரத்தில் இது சகஜம் என்று சமாதானம் சொல்லலாம்.

எனக்கு அந்தச் சமாதானம் ஒப்பவில்லை. விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர்; கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருப்பவரோ மூன்றாமவர். பேரம் நடந்தபோது அவர் கடைப்பக்கமே வந்ததில்லை. அவரிடம் எதையும் மறைக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? வாங்குபவர் கேட்காவிட்டாலும் வெடிப்பைக் காட்டிவிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

ஆனால் எண்ணெய் பூசிய பிடி காய நாட்கணக்கில் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் இழுக்கும். அந்த நாட்களுக்கு யாரும் ஆசாரிக்குக் கூலி கொடுப்பதில்லை. வார்னிஷ் பூசியது மறுநாளே கடைக்குப் போய்விடுகிறது.