அடைக்கலமும் வாய்மையும்

பிழைப்பு நாடிக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. சென்ற நாட்டிலேயே நிலையாய்த் தங்க விழைவோர் நிரந்தரவாச உரிமை வேண்டி அந்நாட்டு அரசிடம் விண்ணப்பிக்கின்றனர். அவ்விண்ணப்பத்தில் ஒரு பொய் கலந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்போரும் உளர்.

கி.பி. 615-இல் மக்கத்துக் கொடுமை தாளாது அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த ஸஹாபாக்களை நினைவு கூர்வோம். அவர்களைத் திருப்பியனுப்பக் கோரிய குறைஷித் தூதர்கள், ஈஸா நபியைப் பற்றி இவர்கள் கூறுவதைக் கேளுங்கள் என்று கிறிஸ்தவ மன்னர் நஜாஷியைத் தூண்டினர். மன்னர் வினவினார். மழுப்பியிருந்தால் ஆபத்து நீங்கியிருக்கும். ஹஸ்ரத் ஜஃபர் (ரலி) அவர்களோ, ஈஸா நபி அல்லாஹ்வின் அடியாரும் தூதருமாவார் என்று உள்ளதையே உரைத்தார்கள். அடைக்கலம் நிலைத்தது.

அந்நிய நாட்டில் பெறும் அபயத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘அமான்’ என்கின்றன. அதனைப் பெறுபவர், வாயால் சொல்லாவிடினும், வஞ்சியேன் என்று ஒப்பியவரே ஆவார்.

சிங்கப்பூரில் வசிப்புரிமைக்காகச் செய்யும் போலித் திருமணம் 2012 முதல் தனிக் குற்றம். பத்தாண்டு வரை சிறை உண்டு. சிறைக்கு அஞ்சியா நாம் விலக வேண்டும்? நிக்காஹ் என்னும் உடன்படிக்கையை ஒரு முத்திரைக்காக விற்றவர், பின்னர் எந்த வாக்கைக் காப்பார்?

ஊரில் குமரும் கடனும் காத்திருக்கையில் மனம் தடுமாறும். அதை நாம் அறியாதவரல்லர். ஆயினும் ஜஃபர் (ரலி) அவர்களுக்கு நேர்ந்த நெருக்கடி இதனினும் சிறிதன்று. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஒரு நாட்டின் வாயில்தான் அடைபடும். ரிஸ்கின் வாயில் அல்லாஹ்விடம் இருக்கிறது.