வேலைக்கு ஒரு பொம்மை

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும்போது, இருபுறமும் மூச்சுவேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கின்றன. பண்டைய எகிப்தியரின் மறுவுலகமும் இப்படித்தான், நாணலும் நீருமான வயல். நைல் கரையில் வாழ்ந்தவன் செத்தும் அதே மாதிரி ஒரு கரைக்குத்தான் போனான். வேறெங்கே போவான்?

*

போன இடத்திலும் வேலை உண்டு. உழ வேண்டும், வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டும், மணல் சுமக்க வேண்டும். அதற்காகத்தான் கல்லறையில் கூடவே உஷப்தி என்ற பொம்மை. பெரும்பாலும் நீலப் பூச்சு மின்னும் சிறு உருவம். மார்பில் மடக்கிய கைகளில் மண்வெட்டி, முதுகில் விதைப்பை. எஜமானை வேலைக்கு அழைத்தால் நான் போகிறேன் என்று பொறுப்பேற்கும் மந்திரம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். 1922இல் திறந்த எகிப்திய அரசன் துத்தன்காமுன் கல்லறையில் இப்படி 413. நாளுக்கு ஓர் ஆளாக 365, பத்துப் பேருக்கு ஒரு கங்காணியாக 36, மாதத்துக்கு ஒரு மேலாளாக 12. ஆட்களோடு கங்காணியையும் மறக்காமல் வைத்தார்களே, அங்கேதான் அவர்களுடைய உலக அனுபவம் தெரிகிறது.

*

அவர்களுக்கு வேலைப் பயம். நம் பக்கத்துப் பயம் வேறு. ஆதிச்சநல்லூர் ஈமத் தாழிகளைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது நெல் உமியும் தினை உமியும் கிடைத்தன. போகிறவருக்குப் பசிக்குமே என்ற கவலை. தை அமாவாசையில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும், இந்தக் கரையிலேயே தேவிபட்டினத்து நவபாஷாணத்திலும் இன்றும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

காரங்காட்டுக் கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். செத்தவருக்காகப் பாடுபட இங்கே பொம்மை தேவைப்படவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

*

ஆனாலும் ஓர் உருவம் உண்டு. உடல் கிடைக்காமல் போனவருக்கு இந்துச் சடங்கில் 360 பலாச இலைக்காம்புகளைத் தரையில் அடுக்கி ஆள் வடிவம் செய்வார்கள். தலைக்குத் தேங்காய். காம்புக்கு ஓர் எலும்பு என்று கணக்கு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை ரயிலோடு கடல் கொண்டுபோனதே, இந்தக் கரைக்கு அந்தக் கணக்கு அந்நியமில்லை.

அந்த உருவத்தின் கையில் யாரும் மண்வெட்டி கொடுப்பதில்லை. அது வேலையாளே இல்லை, இறந்தவரேதான். எரித்த பிறகு மற்றவருக்குச் செய்வதுபோலவே எள்ளும் தண்ணீரும், மகன் கையால்.