அலையில் வந்த எண்ணும் அதன் பொருளும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, யாரும் உண்டாக்கியதல்ல என்றார்கள் இந்தியத் தத்துவ மரபின் மீமாம்சகர்கள். இல்லை, அது ஏற்படுத்திக்கொண்ட வழக்கு என்றார்கள் அதே மரபின் நியாயப் பள்ளியினரான நையாயிகர்கள். நூற்றாண்டுக் கணக்கில் நீண்ட அந்த வாதத்துக்கு, செவ்வாயை நோக்கிப் போன விண்கலம் ஒன்று புதிய சாட்சியாக வந்து நிற்கிறது.

2020 ஜூலை 23 அன்று சீனா ஏவிய தியான்வென்-1, தன் நிலவரத்தை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே சென்றது. ஸ்பெயினின் டேனியல் எஸ்தேவெஸ் உள்ளிட்ட அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் அதைப் படிக்க முனைந்தார்கள். ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள 20 மீட்டர் ஆன்டெனா அவர்களுக்குக் கைகொடுத்தது.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் வானொலியில், ஆன்டெனாவில் விழும் அலை எண்களின் வெள்ளமாகக் கணினிக்குள் நுழைகிறது. இரைச்சலை வடிகட்டுவது, அதிர்வெண் நகர்வைத் திருத்துவது, ஒன்றையும் பூஜ்ஜியத்தையும் பிரிப்பது எல்லாமே ஜிஎன்யூ ரேடியோ போன்ற நிரல்களின் வேலை. ஆனால் பிட்டுகளின் இந்த ஓட்டத்தில் ஒரு செய்தி எங்கே தொடங்குகிறது? அதற்காகவே ஃபிரேம் எனப்படும் ஒவ்வொரு செய்தித் தொகுதியின் தலையிலும் முன்கூட்டியே முடிவான 32 பிட் அடையாளம் வருகிறது. அனுப்பும்போதே கூடுதலாகச் சேர்த்த பைட்டுகளைக் கொண்டு, 1960-இல் உருவான ரீட்-சாலமன் குறிமுறை வழியில் சிதைந்தவற்றை நிரல் மீட்கிறது. பல நாட்டு விண்வெளி அமைப்புகள் கூடி வகுத்து, எல்லோரும் படிக்க வெளியிட்ட தரத்தில் உள்ளவை இந்த அடையாளமும் குறிமுறையும். இதுவரை நையாயிகர் கட்சிதான் வெல்கிறது. வழக்கு தெரிந்தவருக்கே ஃபிரேம் திறக்கும்.

திறந்த பின்? உள்ளே இருக்கும் பாக்கெட்டுகளில் பிழையில்லை என்று மட்டும் உறுதியாகிறது. அவை எதைச் சொல்கின்றன என்பது அந்தத் தரத்தில் இல்லை.

ஆர்வலர்கள் சில பைட்டுகளை 64 பிட் தசம எண்களாக வாசித்துப் பார்த்தபோது, ஆறு எண்கள் சீராக மாறிக்கொண்டே போவது தெரிந்தது. மூன்றைச் சூரியனை மையமாகக் கொண்ட இருப்பிடமாகவும், மூன்றைத் திசைவேகமாகவும் கொண்டால், பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செல்லும் பாதை துலங்கியது. கையேடு இல்லாமலே பொருள் கிடைத்துவிட்டது!

மீமாம்ச நூல்களில் ஒரு குழந்தை வருகிறது. பெரியவர் “பசுவைக் கொண்டு வா” என்கிறார், இளையவர் கொண்டுவருகிறார், பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை சொல்லையும் செயலையும் பொருத்திக் கற்றுக்கொள்கிறது. இதற்கு இதுதான் பொருள் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஆர்வலர்கள் கற்றதும் இப்படித்தான். அனுப்பியவருக்கும் கேட்டவருக்கும் சூரியன் ஒன்றே, ஈர்ப்பு விதி ஒன்றே. அந்தப் பொது உலகம் இல்லையென்றால் ஆறு எண்களும் ஊமையாகவே இருந்திருக்கும். வழக்கு, இயல்பு என்ற இரண்டுக்கும் முன்னால் இருவரும் சேர்ந்து காணும் உலகத்தை வைக்க வேண்டியிருக்கிறது.

அதே ஓட்டத்தில் வேறு எண்களும் உண்டு. ஒரு மின்கலத்தின் வெப்பநிலை, ஒரு வால்வின் நிலை போன்றவற்றைப் பூமியில் நிற்கும் எவராலும் வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. அங்கே மட்டும் நையாயிகரிடம்தான் திரும்ப வேண்டும்: அவற்றின் பொருள், விண்கலத்தை வடிவமைத்தவர்களின் கையேட்டில் இருக்கிறது.