பெட்டிக்குள் கிடந்த பேசி

ஊர் மாற்றிக் குடிபோக வேண்டியிருந்ததால், அண்மையில் ஒருநாள் பழைய தகரப் பெட்டியைத் திறந்து துழாவினோம். சான்றிதழ்களுக்கும் கல்லூரிக் குறிப்பேடுகளுக்கும் அடியில் இரண்டு கைபேசிகள் கிடந்தன. மூன்றாவது நமது சட்டைப் பையில்! வயது இருபத்தேழு, கைபேசிகள் மூன்று. பாட்டனாரோ ஒரே கைக்கடிகாரத்தோடு வாழ்நாளை முடித்தவர். அவரைவிட நாம் முன்னேறியவர்தாமா? அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

முதல் கைபேசி தந்தையார் பயன்படுத்தி நமக்குத் தந்தது. 2003-இல் வெளிவந்து உலகெங்கும் சுமார் 25 கோடி விற்ற நோக்கியா 1100. தலையிலே சிறு விளக்கு. மின்சாரம் நின்ற இரவுகளில் அன்னையார் அதன் ஒளியில்தான் உலை வைத்தார். இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. பேசியவர்கள் ஒரு மாநில முதல்வரும் ஒரு மத்திய அமைச்சரும். அந்நாளில் அழைத்தவருக்கும் கட்டணம், அழைக்கப்பட்டவருக்கும் கட்டணம்! 2003-இல் அழைப்பை ஏற்பவருக்குக் கட்டணம் இல்லையென்றான பிறகே, மாளிகையின் மேசையிலிருந்த கருவி குடிசையின் மாடத்துக்கு வந்தது. அதை வரவேற்கிறோம். அறிவியலின் ஆக்கம் அனைவருக்கும் என்பதே நமது கொள்கை. நாம் கருவிக்குப் பகைவர் அல்லோம், தோழர்களே!

இரண்டாவது, கல்லூரியில் படிக்கையில் 2017-இல் வாங்கியது, தொடுதிரை உடையது. நூலகத்தில் இல்லாத நூலை அதிலே படித்தோம். தேர்வு முடிவை அதிலே கண்டோம். 2021 ஜூனில் ஆசிரியராகச் சேர்ந்தபோது, அதன் கண்ணாடியில் கீறல். நண்பகலுக்குள் பேட்டரி இறங்கிவிடும். கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துச் சொன்னார்: “பேட்டரி மாத்துனா போதும் சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்.”

கேட்டோமா? இல்லை. ஆசிரியர் அறையில் உடன் பணிபுரிவோர் பளபளக்கும் கைபேசிகளை மேசைமீது வைக்க, நம்முடையதை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருந்தோம். வெட்கம்! தேவை அன்று, வெட்கமே மூன்றாவது கைபேசியை வாங்கியது, பன்னிரண்டு மாதத் தவணையில்! இரண்டாவது பெட்டிக்குள் போயிற்று.

அதே மாதங்களில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடமெல்லாம் கைபேசி வழியே. நமது எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி பாடத்திற்கு வருவதே இல்லை. அவள் பெயருக்கு எதிரே “வரவில்லை” என்று நாள்தோறும் குறித்தோம். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று வகுப்புகள் திறந்தபோது வந்தாள். ஏனம்மா வரவில்லை என்றோம். “வீட்டுல ஒரே போன் சார். பகல்ல அண்ணனுக்கு கிளாஸ். ராத்திரி எங்கிட்ட வர்றப்ப சார்ஜ் இருக்காது” என்றாள், தலை குனிந்தபடி.

ஆண்பிள்ளைக்குப் பாடம், பெண்பிள்ளைக்குப் பாத்திரம்! இந்த நீதியைக் கண்டித்து எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! ஆனால் அவள் இருளில் அமர்ந்திருந்த அந்த இரவுகளில், ஒரு பேட்டரி மாற்றினால் உயிர்பெறக்கூடிய கருவி நமது பெட்டிக்குள் உறங்கிக் கொண்டிருந்தது. குனிய வேண்டியது அவள் தலையா, நமது தலையா?

“நமது பணம், நமது பொருள், கேட்க எவருக்கு உரிமை?” என்பர் சிலர். பணம் கொடுத்தோம், உண்மை. முழு விலையையும் கொடுத்தோமா? பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பதை 2016-இல் ஆம்னஸ்டி அமைப்பு உலகுக்கு எடுத்துக்காட்டிற்று. நமது திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பரில் கதவடைத்தது. கிராமத்து இளைஞரும் இளம்பெண்களும் இரவும் பகலும் முறைவைத்துக் கோத்த கருவிகள் உலகெங்கும் போயின, அவர்களது வேலையும் போயிற்று. 2022-இல் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் நாலில் ஒரு பங்குகூட முறையாகச் சேர்க்கப்படவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. இத்தனை பேர் வியர்வை கலந்த பொருளைப் பயனின்றிப் பூட்டிவைக்க, கடைக்காரர் தந்த ரசீது உரிமைச் சீட்டாகுமா?

அப்படியாயின் புதியதை வாங்கவே கூடாதா? வாங்கலாம். வாங்குமுன் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். பாட்டன் சொன்னான் என்பதற்காக எதையும் ஏற்காத நாம், பக்கத்து மேசைக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக ஏற்கலாமா? வழக்கத்தைக் கேள்வி கேட்கும் பகுத்தறிவு, வாங்கும்போது வாய்மூடி நிற்கலாமா?

பேட்டரியை மாற்றினோம். சில புதிய செயலிகள் அதில் ஏறவில்லை. படிக்கவும் பாடம் கேட்கவும் போதும். இப்போது அது தெருப் படிப்பகத்தின் மேசைமீது இருக்கிறது. மாலையில் பிள்ளைகள் முறைவைத்து எடுக்கிறார்கள். முதல் முறை பெண்பிள்ளைகளுக்கு.

இதைக் கொடை என்று எவரேனும் பாராட்டினால் நாணுகிறோம். கொடை அன்று, கடன். அதுவும் காலம் கடந்து, வேறு கைகளுக்குச் செலுத்திய கடன். அந்த மாணவி இழந்த மாதங்களை எந்தப் பேட்டரி மீட்டுத் தரும்?

தோழர்களே, இன்றிரவு உங்கள் பெட்டிகளையும் திறந்து பாருங்கள்.