பிழையளவும் நேர்மையும்

ஒருவர் ஓர் உண்மையைக் கூறி, அதில் தமக்குள்ள ஐயத்தின் அளவையும் உடன் கூறுவாராயின், அவரை நேர்மையாளர் என்கிறோம். அவர் கூறிய ஐயத்தின் அளவே தவறாயின்? இவ்வினா அறநூல்களுக்கு மட்டும் உரியதன்று. காந்தங்களைப் பற்றிய இயற்பியல் ஆய்வொன்றிலும் அது கூர்மையாக எழுந்துள்ளது.

காந்தத்தைச் சூடேற்றினால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதன் காந்தத்தன்மை அற்றுப்போகிறது. இரும்புக்கு அது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையை நெருங்குகையில் மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டும் எண்களை மாறுநிலை அடுக்கெண்கள் என்பர். மேலோ கீழோ மட்டும் திரும்பவல்ல காந்தத்துக்கும், 374 டிகிரியில் நீருக்கும் நீராவிக்கும் வேறுபாடு மறையும் நிலைக்கும் இவ்வெண்கள் ஒன்றே! இதைவிட வியப்பான ஒற்றுமையை இயற்பியலில் நான் படித்ததில்லை.

இக்காந்தத்துக்கு எளிய மாதிரியொன்றை 1920இல் வில்ஹெல்ம் லென்ஸ் முன்வைத்தார். புள்ளிதோறும் ஓர் அம்பு. அது மேல்நோக்கும் அல்லது கீழ்நோக்கும். அண்டை அம்புகளோடு ஒத்திருக்க விழையும். ஒரே வரிசையில் அமைந்த அம்புகளுக்கு அவர் மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் 1925இல் விடை தந்தார். தளத்தில் பரந்தவற்றுக்கு 1944இல் லார்ஸ் ஆன்சாகர் தந்தார். நாம் வாழும் முப்பரிமாணத்துக்கோ துல்லியமான விடை இன்றுவரை இல்லை. ஆகவே கணிப்பொறியினுள் அம்புகளை அடுக்கி, பகடை உருட்டுவதுபோல் கோடிக்கணக்கான முறை அவற்றைத் திருப்பிச் சராசரி காண்கின்றனர். இவ்வாறு மார்ட்டின் ஹாசன்புஷ் 2010இல் கண்ட ஓர் அடுக்கெண் 0.63002, பிழையளவு 0.00010.

ஆனால் கணிப்பொறிக்குப் பகடை உருட்டத் தெரியாது. ஒரு சூத்திரத்தின்படி எண்களைப் பிறப்பித்து, அவற்றைத் தற்செயலானவைபோல் தருகிறது. தரமானதெனப் பெயர்பெற்ற அத்தகைய சூத்திரமொன்று, அம்புகளைக் கூட்டங்கூட்டமாகத் திருப்பும் புதிய முறையோடு சேர்ந்தபோது தவறான விடை தந்ததை ஃபெரன்பெர்க், லாண்டாவ், வாங் ஆகிய மூவர் 1992இல் வெளியிட்டனர். விலகல் பிழையளவைவிடப் பன்மடங்கு பெரிது. பழைய, எளிய சூத்திரமோ மேலான விடை தந்தது! இஃது எவ்வாறு புலப்பட்டது? அவர்கள் தளத்து அம்புகளை எடுத்துக்கொண்டனர். அங்கே ஆன்சாகர் வழிவந்த துல்லிய விடை கையில் இருந்தது.

முப்பரிமாணத்தில் மட்டும் அச்சூத்திரத்தை இயக்கியிருந்தால், மிகச் சிறிய பிழையளவுடன் அத்தவறு ஒழுங்காக அச்சேறியிருக்கும். கணித்தவர் பொய்யேதும் உரைத்திருக்க மாட்டார். பிழையளவு என்பது எண்ணிப்பார்த்த ஐயங்களின் தொகை; எண்ணிப்பாராதது அதில் இடம்பெறுவதில்லை. அறநெறி இயல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கும்: முயன்றால் நீக்கக்கூடியது, நீக்கவியலாதது. விடை தெரிந்த கணக்கின்முன் தம் கருவியை நிறுத்திச் சோதிக்க வாய்ப்பிருந்தும் சோதியாதவர், அப்பிழைக்குப் பொறுப்பாவார் என்றே நான் கருதுகிறேன். அவ்வாய்ப்பு இல்லாதவரைக் குறைகூற இயலாது. வேறொரு சாட்சியைத் தேடுமாறு கேட்கலாம்.

அத்தகைய சாட்சி பின்னர்க் கிடைத்தது. பகடையே இன்றி, சமச்சீர் விதிகளையும் முரணின்மையையும் கொண்டு, இயலாத விடைகளை விலக்கிக்கொண்டே வரும் முறையால் 2016இல் 0.629971 என்ற எண் பெறப்பட்டது. ஹாசன்புஷின் எண்ணிலிருந்து இதன் வேறுபாடு அவர் சொன்ன பிழையளவுக்கு உட்பட்டதே.

எங்கும் இவ்விணக்கம் வாய்க்கவில்லை. அம்பு ஒரு தளத்தில் எத்திசையும் நோக்கலாம் என்னும் மற்றொரு மாதிரி, திரவ ஹீலியம் 2.17 கெல்வினில் உராய்வின்றி ஓடும் மீப்பாய்மமாக மாறுவதற்குப் பொருந்தும். புவியில் திரவத்தின் எடையே மேலும் கீழும் அழுத்தத்தை வேறுபடுத்தி அம்மாற்றத்தை மங்கச் செய்கிறது. எனவே 1992 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் சோதனை நடத்தினர். 2003இல் வெளியான ஆய்வின்படி அடுக்கெண் 0.6709, பிழையளவு 0.0001. கணிப்பொறியோ 0.6717 என்கிறது, விலக்கல் முறையும் அதனோடே நிற்கிறது. வேறுபாடு, பிழையளவைப்போல் எட்டு மடங்கு.

இயற்கையை நேரில் அளந்தவரை நோக்கி, மாதிரியைக் கணித்தவர் ‘நீர் தவறினீர்’ எனலாமா? முதற்பார்வையில் அது செருக்காகவே தோன்றும். எனினும் அடுக்கெண்ணை எந்த வெப்பமானியும் காட்டுவதில்லை. அளந்த தன்வெப்ப மதிப்புகளின்மீது ஒரு வளைகோட்டைப் பொருத்தி, வேறு சில எண்களையும் உடன் நிர்ணயித்தே அது பெறப்படுகிறது. எண்ணிப்பாராத ஐயம் ஒளிந்திருக்க அங்கும் இடமுண்டு. ஒன்றையொன்று சாராத இரு சாட்சிகள் ஒத்துரைப்பதால் என் மனம் கணிப்பின் பக்கமே சாய்கிறது. ஆயினும் சோதனையாளர் தம் எண்ணைத் திருத்த வேண்டுமென நான் சொல்லேன்; கண்டதைக் கண்டவாறே அவர்கள் பதிந்துள்ளனர். வேண்டுவது இன்னொரு அளவீடு. அதற்கு மீண்டும் புவியைவிட்டு வெளியே செல்ல நேரலாம்.