பீப்பாயின் வயது

ஸ்காட்லாந்தில் ஓகில் மலையடிவாரத்தில் ஆல்வா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள ஹார்வீஸ்டவுன் பீர் ஆலை 2007-ல் ஏல் வகையைச் சேர்ந்த ஒரு கறுப்பு பீரை வெளியிட்டது. பெயர் ஓலா டூ. 330 மில்லி புட்டி, 8 விழுக்காடு ஆல்கஹால். வழக்கமான பீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரியம். புட்டியின் முகப்பில் எடுப்பாக ஓர் எண் இருக்கும்: 12. பக்கத்துப் புட்டியில் 16, அதற்கடுத்ததில் 18. 30, 40 என்றும் புட்டிகள் வந்தன. எண் ஏற ஏற விலையும் ஏறியது.

எடின்பரோவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வருஷமா இந்த பீரு கெட்டுப்போகாம இருக்குதாண்ணே?" என்று கேட்டார். யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். பீர் மரத்தில் கிடந்தது சில மாதங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது விஸ்கி. ஓர்க்னி தீவில் கிர்க்வால் ஊரிலுள்ள ஹைலண்ட் பார்க் ஆலையின் விஸ்கி அது. விஸ்கியைப் புட்டியில் அடைத்தபின் காலியான பீப்பாயை ஆல்வாவுக்குக் கொண்டுவந்து பீரை நிரப்புகிறார்கள். முகப்பில் இருக்கும் வயது, அதற்கு முன்னால் அந்தப் பீப்பாயில் குடியிருந்தவருடையது.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலம் யார் காத்த காலம் என்று தெரியாமல் குடிப்பவருக்கு நாக்கில் படுவதில் பாதி விளங்காது. பீப்பாயின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் பீரைச் சொல்ல முடியும்.

ஹைலண்ட் பார்க் பயன்படுத்துவது பெரும்பாலும் ஷெர்ரி ஊறிய ஓக் பீப்பாய்கள். ஸ்பெயினின் வடக்கிலோ அமெரிக்காவிலோ நின்ற மரம். வெட்டி அறுத்த பலகைகளைத் திறந்தவெளியில் அடுக்கி வெயிலும் மழையும் படும்படி விட்டுவிடுவார்கள். மரத்தின் பச்சைக் காறல் போக அதுதான் வழி. பிறகு தெற்கு ஸ்பெயினின் ஹெரேஸ் நகரத்தில் பலகைகளை வளைத்து, உட்புறத்தை நெருப்பில் வாட்டி, ஷெர்ரி ஒயினை நிரப்பி ஓரிரு ஆண்டுகள் வைப்பார்கள். முன்பெல்லாம் இப்படித் தனியாக ஊறவைக்கத் தேவையிருக்கவில்லை. ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்தது. இறக்கியபின் மிஞ்சிய பீப்பாயை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைப்பது என்றானபின் அந்த வரத்து நின்றது. இன்று பீப்பாய்க்காகவே ஷெர்ரி ஊற்றப்படுகிறது. மரத்துக்கு மணம் ஏற்றி முடித்த அந்த ஒயின் பெரும்பாலும் குடிப்பவர் மேசைக்கு வருவதே இல்லை.

அங்கிருந்து ஓர்க்னி. ஓயாத காற்றால் மரமே அரிதான தீவு. மரமில்லாத மண்ணில் ஹெதர் புதர்கள் மட்கிப் படிந்த பீட் கட்டிகளை வெட்டியெடுத்துக் காயவைத்து, அதன் புகையில் முளைகட்டிய பார்லியில் ஒரு பகுதியை உலர்த்துவது அங்குள்ள மரபு. அந்தப் புகை தானியத்துக்குள் ஏறி, காய்ச்சி வடித்த பின்னும் விஸ்கியில் நிற்கிறது. பிறகு பன்னிரண்டு ஆண்டு, பதினெட்டு ஆண்டு என்று மரத்துக்குள் வாசம். ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு காற்றோடு போய்விடும். பன்னிரண்டு ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பதினெட்டு ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பீப்பாயை நிரப்பிவைத்தவர் அதைத் திறக்கும் நாளில் வேலையில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆல்வாவுக்கு வந்து சேரும் பீப்பாய் இவ்வளவையும் சுமந்துகொண்டு வருகிறது. ஊறுகாய் ஜாடியை எத்தனை கழுவினாலும் மணம் போகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இந்த மரத்திலும் அப்படித்தான். பலகையின் துளைகளுக்குள் லிட்டர் கணக்கில் விஸ்கி தங்கிவிடுகிறது. காலிப் பீப்பாயில் வெந்நீரை ஊற்றி வைத்து, மரம் விடும் சாராயத்தை வடித்துக் குடிக்கும் வழக்கம் பிரிட்டனில் இருந்தது. வரி போகிறதே என்று அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. வெந்நீர் செய்ததை இப்போது பீர் செய்கிறது.

மரவாசம் பீருக்கு நல்லது என்று ஆலைக்காரர்கள் நினைக்கத் தொடங்கியது அண்மையில்தான். பல நூற்றாண்டுகள் பீர் மரத்தில்தான் இருந்தது. ஆனால் மரத்தின் வாடை பீரில் ஏறாமல் பார்த்துக்கொள்வதே ஆலைக்காரரின் கவலையாக இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் பால்டிக் கரையிலிருந்து மேமல் ஓக்கைத் தேடி வாங்கினார்கள். அது பீரில் சுவை ஏற்றாது. அமெரிக்க ஓக்கின் வாசம் தூக்கலானது என்று ஒதுக்கினார்கள். ஜெர்மனியில் உட்புறம் கீல் பூசினார்கள். அப்படியும் நெடுநாள் ஊறிய முற்றிய ஏல்களில் ஒரு தனி வாசம் வந்துகொண்டிருந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்ற ஆய்வாளர் 1904-ல் அதன் காரணத்தை வெளியிட்டார். ஆங்கிலேய ஏலில் மெதுவாக வேலைசெய்யும் ஓர் ஈஸ்ட். அதற்கு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். மரத்துளைகள் அதற்கு உகந்த இருப்பிடம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலோகப் பீப்பாய்கள் வந்தன. கழுவ எளிது, கசிவு இல்லை, தச்சர் வேண்டாம். ஆலைகளிலிருந்து மரம் வெளியேறியது. 1963-ல் சில ஆங்கிலேயர்கள் கூடி மரப்பீப்பாய் பீரைக் காக்க ஒரு சங்கமே வைத்தார்கள். அவர்கள் காக்க நினைத்ததும் ஓக்கின் வாசத்தை அன்று. பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு முதிர்ந்து, வாயு ஏற்றாமல் வார்க்கப்படும் பீரைத்தான். மரம் முற்றிலும் போய், அதன் வாடையைக் குறையாகக் கண்ட தலைமுறையும் போன பிறகே மரத்தின் சுவையை ஒரு செல்வமாகத் தேடத் தொடங்கினார்கள்.

தேடியது என்றுகூடச் சொல்ல முடியாது. எடின்பரோவில் நடந்ததைப் பாருங்கள். வில்லியம் கிராண்ட் என்ற விஸ்கி நிறுவனம் பீர் வாசமேறிய பீப்பாயில் விஸ்கியை முதிரவைக்க விரும்பியது. அதற்காக ஒரு பீர் ஆலையிடம் ஒரு பீரைக் காய்ச்சித்தரச் சொன்னது. பீப்பாயைப் பழக்கிவிட்டு அந்தப் பீரைச் சாக்கடையில் விடுவதே ஏற்பாடு. ஊற்றும் வேலையிலிருந்த தொழிலாளிகள் சும்மா இருக்காமல் குடித்துப் பார்த்தார்கள். வெனிலாவும் கருக்கிய சர்க்கரையுமாக, அவர்கள் அதுவரை அறியாத பீராக அது மாறியிருந்தது. சேதி மேலே போயிற்று. அந்தப் பீரை உருவாக்கியவர்களில் ஒருவரான டூகல் ஷார்ப் 2003-ல் இன்னிஸ் அண்ட் கன் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கொட்டச் சொன்னதை நாக்கில் வைத்துப் பார்த்த அந்தத் தொழிலாளிகளின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை, ஜிம் பீம் என்ற பர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய்களில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை ஊறவைத்திருந்தது. அங்கே பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. உட்புறம் கருக்கிய புது ஓக்கில்தான் பர்பன் முதிர வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் பர்பனுக்கு மறுபடி ஆகாது.

இனிச் சுவைக்கு வருவோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓலா டூவைக் குடிப்பது வீண். குளிர் மணத்தைப் பூட்டிவைத்துவிடும். அரைமணி நேரம் வெளியே வைத்து, வாய் குறுகிய கிண்ணத்தில் கால்பங்கு ஊற்றுவது என் வழக்கம். கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மட்டும் செம்பழுப்பு. நுரை மெல்லியதாகப் பழுப்பாக எழுந்து சீக்கிரம் அடங்கும். முதலில் வருவது மரமே இல்லை. வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், காப்பிக் கசப்பும் கொக்கோவும்தான். அது பீரின் சொந்தச் சொத்து. மரத்துக்குப் போகாத இதன் தாய்ப் பீரை, ஓல்ட் எஞ்சின் ஆயிலை, பக்கத்தில் வைத்து ஒரு மிடறு குடித்தால் இது தெளிவாகும். கிண்ணத்தைக் கையில் வைத்துப் பத்து நிமிடம் போனதும் அடுக்கு மாறுகிறது. உலர்திராட்சை மணம் எழுகிறது, அது ஹெரேஸ் தந்தது. பிறகு வெனிலா, ஓக்கின் லிக்னின் நெருப்பில் உடைந்து உண்டான வெனிலின். விழுங்கியபின் தொண்டையின் பின்புறத்தில் அணைத்த அடுப்பைப் போல் ஒரு புகை தங்குகிறது. அது ஓர்க்னியின் மண். ஈறுகளில் லேசாகத் துவர்ப்பு. மரத்தின் டானின் அது.

12-ஐயும் 18-ஐயும் அடுத்தடுத்துக் குடித்தால் வேறுபாடு தெரிகிறது. ஆனால் எண் ஏறினால் எல்லாம் ஏறும் என்று எதிர்பார்ப்பவருக்குப் பிடிபடாத வேறுபாடு. 12-ல் இனிப்பும் கொக்கோவும் முன்னே நிற்கின்றன. 18 எனக்கு வறண்டதாகப் படுகிறது. புகை கூடுதல், இனிப்பு குறைவு. யோசித்தால் காரணம் புரியும். விஸ்கி எத்தனை ஆண்டு கிடந்ததோ அத்தனைக்கு மரத்தின் சாரத்தை அதுவே உறிஞ்சிவிடுகிறது. பழைய பீப்பாயில் பீருக்கு மிஞ்சுவது மரத்தைவிட, மரத்தில் தங்கிய விஸ்கிதான். பெரிய எண் பெரிய சுவைக்கு உறுதியல்ல. நான் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது 12.

சுவையைக் கொடுக்கும் துளைகளே கேட்டையும் கொடுக்கும். 2015-ல் கூஸ் ஐலண்ட் பர்பன் பீப்பாய்களில் ஊறவைத்த பர்பன் கவுண்டி பீர் வகைகள் சில புளித்துப்போயின. லாக்டோபேசில்லஸ் அசிட்டோடாலரன்ஸ் என்ற பாக்டீரியா புகுந்திருந்தது. விற்றதற்குப் பணத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பீரைச் சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கினார்கள். அன்று அந்த ஆலை உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனத்துக்குக் கைமாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எத்தனை பெரிய முதல் போட்டாலும் மரத்தை முழுதாகக் கட்டுப்படுத்த முடியவில்லை. இந்த நிச்சயமின்மையைத் தவிர்க்கச் சில ஆலைகள் பீப்பாயையே விட்டுவிட்டு, எஃகுத் தொட்டிக்குள் வாட்டிய ஓக் சில்லுகளைப் போட்டுச் சில நாட்களில் காரியத்தை முடிக்கின்றன. வெனிலா வரும், துவர்ப்பும் வரும். ஆனால் பலகையின் வழியே காற்று மிகமிகச் சன்னமாக நுழைந்து, மால்ட்டின் இனிப்பை மாதக்கணக்கில் பழுக்கவைப்பது நடக்காது. அந்தப் புட்டியிலும் ஓக் என்ற சொல் பெரிதாக அச்சாகிறது என்பதுதான் என் வருத்தம்.

பீப்பாயைத் தாங்கிப்பிடிப்பவர்கள் தச்சர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியிலுள்ள கிரெய்கெல்லாக்கியில் 1947 முதல் இயங்கும் பட்டறையில் பழைய பீப்பாய்களைப் பிரித்துச் சீராக்கும் வேலை இன்னமும் கையால் நடக்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை. உளுத்த பலகையை உருவி, அதே அகலத்தில் இன்னொன்றைச் செருகி, இரும்புப் பட்டையைச் சுத்தியலால் சுற்றிச்சுற்றி அடித்து இறக்குவார்கள். மூடிப்பலகைகளின் இடுக்கில் காய்ந்த கோரையை வைத்து இறுக்குவார்கள். ஈரம் பட்டதும் கோரை உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். தொழில்பழக நான்கு ஆண்டு. பீப்பாய்க் கணக்கில் கூலி வாங்கும் வழக்கமுள்ள, முதுகையும் மணிக்கட்டையும் கேட்கும் தொழில்.

இத்தனையும் சேர்ந்த ஒரு பானத்தை அளவில்லாமல் குடிப்பது அதற்குச் செய்யும் அவமதிப்பு. உடம்புக்குச் செய்யும் தீங்கு அதைவிடப் பெரிது. 330 மில்லியில் 8 விழுக்காடு என்றால் சுமார் 26 மில்லி சுத்த ஆல்கஹால். வாரத்துக்கு 140 மில்லிக்கு மேல் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் மருத்துவ அறிவுரை. ஒரே புட்டி அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவருக்கு நான் சொல்வது, ஒரு புட்டியை இரண்டு பேர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குடியுங்கள் என்பதுதான்.

ஆலைக்காரர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. ஸ்காட்ச் புட்டியில் ஒரு வயதை அச்சிட்டால், அதற்குள் கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதன் வயதாகத்தான் அது இருக்க வேண்டும் என்று 2009-ன் விதிகள் சொல்கின்றன. ஒரு மாதம் குறைந்தாலும் அந்த எண்ணைப் போட முடியாது. அதே எண் பீர்ப் புட்டிக்கு இடம்பெயரும்போது அந்தக் காவல் கூடவே வருவதில்லை. விஸ்கியின் 12-க்குக் கீழே, பீர் மரத்தில் கிடந்தது எத்தனை மாதம், அது அந்தப் பீப்பாய்க்கு எத்தனையாவது நிரப்பு என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.