கயிற்றின் மறுமுனை

ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் படிக்கிறோம். குற்றவாளியின் பெயரும் கொலையுண்டவரின் பெயரும் சில நாட்கள் நம் நினைவில் தங்குகின்றன. ஆனால், எந்தத் தீர்ப்பும் தானாக நிறைவேறிவிடுவதில்லை. யாரோ ஒரு மனிதர் அதிகாலையில் எழுந்து, முகம் கழுவி, உடையணிந்து, தம் கைகளால் அதனைச் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. அவர் செய்வது உண்மையில் யாருடைய செயல்? இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இக்கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்து நின்றனர்.

யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பியர்பாயிண்ட் குடும்பமே அது. ஹென்றி பியர்பாயிண்ட் 1901-ஆம் ஆண்டில் தூக்கிலிடும் பணியில் சேர்ந்தார். அவருடைய தூண்டுதலால் அண்ணன் தாமஸும் 1906-இல் அப்பணிக்கு வந்தார். 1910-இல் செம்ஸ்ஃபோர்டு சிறைக்குக் குடிபோதையில் சென்று, உதவியாளர் ஜான் எல்லிஸைத் தாக்கியதால் ஹென்றி விலக்கப்பட்டார். தாமஸோ எழுபது வயதைக் கடந்த பின்னும், 1946 வரை, அப்பணியில் நீடித்தார். ஹென்றியின் மகன் ஆல்பர்ட், தானும் தூக்கிலிடுபவராக விரும்புவதாகப் பதினொரு வயதிலேயே பள்ளிக் கட்டுரையில் எழுதினார். 1932-இல் டப்ளின் நகரச் சிறையொன்றில் பெரிய தந்தைக்கு உதவியாளராக நின்றார். 1941 முதல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1956-இல் விலகும் முன் அவர் கையால் உயிரிழந்தோர் நானூறு பேருக்கும் அதிகம்.

இவர்களைக் குருதி வெறியர்கள் என்று எண்ணிவிடலாகாது. அப்பணிக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு தண்டனைக்கும் தனித்தனிக் கூலிதான். மற்ற நாட்களில் ஆல்பர்ட் மான்செஸ்டர் வட்டாரத்தில் மளிகைப் பொருட்களைக் கொண்டு கொடுப்பவர். தண்டனைக்கு முந்திய நாள் பிற்பகலில் சிறைக்குச் செல்வார். கதவிலுள்ள சிறு துளை வழியாக, கைதி அறியாவண்ணம், அவருடைய உடலமைப்பை நோக்குவார். எடையையும் உயரத்தையும் கொண்டு, கயிறு எவ்வளவு நீளம் விழவேண்டும் எனக் கணக்கிடுவார். நீளம் குறைந்தால் மூச்சுத் திணறி மெல்ல மெல்லச் சாக நேரிடும். மிகுந்தால் தலையே துண்டிக்கப்படும். கயிறு மறுநாள் மேலும் நீளாதிருக்க, மணல் மூட்டையை இரவு முழுவதும் அதில் தொங்கவிடுவார். காலையில் அறைக்குள் நுழைந்தது முதல் எல்லாம் முடிய ஏறத்தாழப் பன்னிரண்டு விநாடிகளே ஆகும். பின்னர் உடலை இறக்கும்போதும் அதற்குரிய மரியாதையைக் காத்தார்.

இத்தகைய நேர்த்தி கருணையா? ஒரு வகையில் ஆம். சாவதற்கிருப்பவரின் துன்பத்தை ஒரு விநாடியேனும் குறைக்க விரும்பியவரை இரக்கமற்றவர் என்று எப்படிச் சொல்வது? எனினும், ஒரு செயலை எவ்வளவு நன்றாகச் செய்வது என்பது ஒரு கேள்வி. அச்செயலைச் செய்யலாமா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு முழுமையான விடை கண்டவர்கள், இரண்டாவதற்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

1950-ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இந்த மயக்கத்தைத் தெளிவிக்கின்றன. மார்ச் 9-ஆம் நாள், லண்டன் பென்டன்வில் சிறையில் திமதி எவன்ஸ் என்ற இளைஞரை ஆல்பர்ட் தூக்கிலிட்டார். தம் குழந்தையைக் கொன்றதாக அவர்மீது குற்றம். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. பின்னர் அந்தக் கிறிஸ்டியே பல பெண்களைக் கொன்றவர் என்பது வெளிப்பட்டது. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் ஒப்புக்கொண்டார். 1953-இல் அவரையும் அதே சிறையில் ஆல்பர்ட்டே தூக்கிலிட்டார். எவன்ஸுக்கு 1966-இல் அரசு மன்னிப்பு வழங்கியது. அப்போது அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று காலை கயிற்றின் நீளத்தில் பிழையில்லை, கணக்கில் பிழையில்லை. ஆள்தான் தவறு!

மற்றொன்று, அதே ஆண்டு நவம்பர் 28-இல் மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் நடந்தது. அப்போது ஆல்பர்ட் ஒரு மதுக்கடையும் நடத்தி வந்தார். அங்கு வழக்கமாக வந்து, அவரோடு சேர்ந்து பாடுபவர் ஜேம்ஸ் கார்பிட். ஆல்பர்ட் தூக்கிலிடுபவர் என்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் கார்பிட் பொறாமையால் தம் காதலியைக் கொன்றார். தம்மோடு பாடிய நண்பர் கையாலேயே மடிந்தார். தூக்குக் கயிற்றின் அச்சம் கொலையைத் தடுக்கும் என்பர். தூக்கிலிடுபவரின் முகத்தையே நாள்தோறும் பார்த்தவரை அந்த அச்சம் தடுக்கவில்லையே!

1956-இல் ஆல்பர்ட் விலகியது மனச்சான்றின் உறுத்தலால் அன்று. கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்ட ஒரு தண்டனைக்குரிய கூலி பற்றிய பூசலால்தான். 1974-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில்தான், மரண தண்டனை எதையும் தீர்க்கவில்லை, அது பழிவாங்கும் வேட்கையின் எச்சமே என்ற கருத்தை எழுதினார். ஹென்றியால் தாக்கப்பட்ட ஜான் எல்லிஸுக்கோ அவ்வளவு காலம் வாய்க்கவில்லை. 1923-இல் எடித் தாம்சன் என்ற பெண்ணைத் தூக்கிலிட்ட நினைவு அவரை வாட்டியது. 1932-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கொலையுண்டவரின் குடும்பத்தார் சிந்தும் கண்ணீரை மறந்து, கொன்றவருக்காக மட்டும் இரக்கம் பேசுவது நேர்மையாகாது. நீதி வேண்டும் என்ற அவர்களின் குரல் நியாயமானதே. நாம் கேட்பது ஒன்றே: நீதியின் பெயரால் ஓர் உயிரைப் பறிக்கச் சொல்வோர், அதைப் பறிக்கும் கைக்குத் தாமும் பொறுப்பேற்கிறார்களா? உயிர் ஓர் அமானிதம். அதனை எடுக்கும் பொறுப்பைச் சில பவுன் கூலிக்கு மற்றொருவர் தலையில் கட்டிவிட்டு, நம் கைகள் தூய்மையானவை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

பிரிட்டனில் கடைசித் தூக்குத் தண்டனை 1964-இல் நிறைவேறியது; மறு ஆண்டு கொலைக் குற்றத்திற்கான மரண தண்டனையை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறுத்தி வைத்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சட்டங்களின் வழியே வந்த தூக்குத் தண்டனை நம் நாட்டிலோ இன்னும் நீடிக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் குற்றவாளியின் கழுத்து இருக்கிறது. மறுமுனை, தூக்கிலிடுபவரின் கையோடு முடிந்துவிடவில்லை; சட்டம் இயற்றும் மன்றத்தின் வழியே, நாம் அளிக்கும் வாக்கின் வழியே, நம் வீட்டு வாசல்வரை அது நீண்டு கிடக்கிறது. அடுத்த முறை அவனைத் தூக்கிலிட வேண்டும் என்று சொல்ல நா எழும்போது, அந்த முனையை நம் கையில் ஏந்த நாம் துணிவோமா என்று எண்ணிப் பார்ப்போமாக.